நாலு கோடு போட்டால் தவறா?

பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு பழைய சுவர்க்கடிகாரம். ரோமன் எண் பொறித்த முகப்பு. நான்கு மணி இருக்கும் இடத்தில் வரிசையாக நான்கு கோடுகள். தாழ்வாரத்தின் கோடியில் கணினி ஆய்வகம். அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய பைதான் நிரல், 4 என்று கொடுத்ததும் அதே நான்கு கோடுகளைத் திரையில் போடுகிறது. கடிகாரத்தைப் பார்த்து யாரும் தவறு என்பதில்லை. மாணவியின் ரெக்கார்டு நோட்டில்தான் சிவப்பு மை விழுகிறது.

கற்பனைக் காட்சிதான். ஆனால் முழு எண்ணை ரோமன் எண்ணாக மாற்றும் பயிற்சி கொடுக்கப்படும் எந்த ஆய்வகத்திலும் நாளைக்கே நடக்கக்கூடியது. கோடிங் பழக வருகிறவர்களுக்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் கணக்கு இது. வேலைத் தேர்வுக்குத் தயாராகும் பொறியியல் மாணவர்கள் புழங்கும் லீட்கோட் தளத்தில் இதன் வரிசை எண் 12. ரோமனிலிருந்து திருப்பி மாற்றுவது 13. இத்தனை கை மாறிய கணக்குக்கு விடை மட்டும் மாறாமல் இருக்குமா? அதுவும் ஊர் ஊராகச் சுற்றிவிட்டது. பத்துப் பன்னிரண்டு வரிதான். செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் இரவு நெட்டுருப் போட்டு, காலையில் அப்படியே இறக்கி வைத்துவிடலாம்.

அங்கேதான் இந்தப் பயிற்சி வீணாகிறது. அந்தப் பத்து வரிக்கு முன்னால் மாணவர் தாளில் கிறுக்கி, தப்பாகப் போட்டு, ஏன் தப்பு என்று தலையைச் சொறிகிற அரை மணி நேரத்துக்காகவே இந்தக் கணக்கைக் கொடுக்க வேண்டும். வகுப்பறை அந்த அரை மணியைப் பறித்துக்கொண்டு விடையைக் கையில் திணித்தால், மாணவருக்குக் கிடைப்பது இன்னொரு செய்யுள் மனப்பாடம்.

கணக்கு என்னவோ எளிமையாகத்தான் தெரிகிறது. எழுத்துகள் ஏழு: ‘ஐ’ என்ற ஒற்றைக் கோடு 1, ‘வி’ 5, ‘எக்ஸ்’ 10, ‘எல்’ 50, ‘சி’ 100, ‘டி’ 500, ‘எம்’ 1000. பெரியது இடப்பக்கம், சிறியது வலப்பக்கம். வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகலாம். சிறியது பெரியதற்கு முன்னால் வந்துவிட்டால் மட்டும் கழிக்க வேண்டும். ‘ஐவி’ என்றால் 4, ‘எக்ஸ்எல்’ என்றால் 40. ஆறாம் வகுப்பிலேயே படித்ததுதானே என்று தோன்றும். தெரிந்த ஒன்றை, எதுவுமே தெரியாத இயந்திரத்துக்குச் சொல்லிப் புரியவைக்க உட்காரும்போதுதான் எவ்வளவு அரைகுறையாகத் தெரிந்துவைத்திருக்கிறோம் என்பது உறைக்கிறது.

முதல் நாள் மாணவர் எழுதும் நிரல் எப்படி இருக்கும்? பெரும்பாலும் ‘இஃப்’ குவியலாக இருக்கும். எண் 1 என்றால் இது, 2 என்றால் இது, 3 என்றால் இது. இருபது வரி எழுதிய பிறகு கை வலிக்கிறது. ஆயிரம் வரை இப்படி எழுத முடியாது என்று மனசுக்குள் மணி அடிக்கிறது. அந்த மணிச்சத்தம்தான் அன்றைய முதல் பாடம். யாரும் பலகையில் எழுதிப்போட்டு நடத்த முடியாத பாடம் அது.

அடுத்த முயற்சியில் ஏழு எழுத்துகளையும் ஒரு பட்டியலில் அடுக்குவார். பெரியதிலிருந்து தொடங்கி, எண்ணில் 1000 அடங்குகிறதா என்று பார்; அடங்கினால் ‘எம்’ போட்டு 1000-ஐக் கழி; அடங்காவிட்டால் அடுத்த வரிசைக்குப் போ. பாடநூல் ‘மடக்கு’ என்றும் மாணவர்கள் ‘லூப்’ என்றும் சொல்லும் சுழற்சி இங்கே வருகிறது. வரும்போதே தன் வழக்கமான வழுக்கல்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ‘வொயில்’ போட வேண்டிய இடத்தில் ‘இஃப்’ போட்டால் 3-க்கு ஒரே ஒரு கோடுதான் விழும். பட்டியலைத் தலைகீழாக அடுக்கி 1-இல் தொடங்கிவிட்டாலோ, 1994-க்குத் திரை முழுக்க 1994 கோடுகள். பக்கத்து நாற்காலிக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். வரிசை முக்கியம் என்பது அந்த மாணவருக்கு இனி மறக்காது.

எல்லாம் சரியாக அமைந்தாலும், ஏழு வரிசைப் பட்டியல் 1994-க்குத் தரும் விடை இது: ஒரு எம், ஒரு டி, நான்கு சி, ஒரு எல், நான்கு எக்ஸ், நான்கு கோடு. மொத்தம் பதினைந்து எழுத்து. கூட்டிப் பார்த்தால் 1994 சரியாகவே வருகிறது. புத்தகத்திலோ எம், சிஎம், எக்ஸ்சி, ஐவி என்று ஏழே எழுத்தில் முடிகிறது. கூட்டல் சரி, எழுத்து தவறு. இது என்ன மாதிரியான தவறு?

இந்தக் கேள்வியில்தான் ஆசிரியர் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். நிறைய இடங்களில் நிற்பதில்லை. ‘900, 400, 90, 40, 9, 4 ஆறையும் பட்டியலில் சேர்த்துக்கொள், சரியாகிவிடும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார்கள். சேர்த்ததும் சரியாகிவிடத்தான் செய்கிறது. ஏழும் ஆறும் பதின்மூன்று வரிசை. லூப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை. 1994 அழகாக வந்து விழுகிறது. எப்படிச் சரியானது என்பதை மட்டும் மாணவர் கடைசிவரை கேட்டிருக்க மாட்டார்.

நின்று விளக்கினால் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. இந்த லூப் செய்வது மளிகைக்கடைக் கல்லாவில் நடக்கும் வேலைதான். 1994 ரூபாய் எண்ணித் தர வேண்டுமானால் கடைக்காரர் 500 ரூபாய்த் தாள் மூன்று எடுக்கிறார், மீதி 494. 200 ரூபாய் இரண்டு, மீதி 94. ஐம்பது ஒன்று, இருபது இரண்டு, இரண்டு ரூபாய்க் காசு இரண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் அடங்கக்கூடிய பெரிய தாள் எதுவோ அதை எடுப்பது. பின்னால் என்ன ஆகும் என்று யோசிக்காதது. கணினிக்காரர்கள் இதற்கு வைத்த பெயரே ‘பேராசை’ முறை.

பேராசை எப்போதும் பலிக்குமா? இந்தியக் காசுகளே பதில் வைத்திருக்கின்றன. எண்பதுகளில் 20 பைசா அலுமினியக் காசும் 25 பைசாக் காசும் ஒன்றாகப் புழங்கின. 40 பைசா தர வேண்டியவர் பேராசைப்பட்டு முதலில் 25-ஐ எடுத்தால், அடுத்து 10, அடுத்து 5 என்று மூன்று காசு தர வேண்டிவரும். இரண்டு இருபது பைசாவில் முடிந்திருக்க வேண்டிய காரியம். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போயின; அவற்றைக் கையால் தொட்டிராத இன்றைய மாணவருக்கும் கணக்கு புரியும். பதின்மூன்று வரிசைப் பட்டியலில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. ரோமன் எண்ணின் கழித்தல் விதி முழுவதையும் அந்த ஆறு கூடுதல் வரிசைகள் தம் தலையில் தூக்கிக்கொள்கின்றன. ஆகவே லூப்புக்குப் பேராசை மட்டும் இருந்தால் போதும், அறிவு தேவையில்லை.

அறிவு பட்டியலில் இருக்கட்டும், லூப் மாடு மாதிரிச் சுற்றிவரட்டும் என்ற இந்த வேலைப் பிரிவினைக்குத்தான் மாணவர் பழக வேண்டும். ‘ரோமன் எண் யாருக்கு வேண்டும், நடைமுறைக்கு உதவும் கணக்காகக் கொடுக்கலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மின்கட்டணக் கணக்கு போடும் நிரல் என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் மாற்று. சரி, அதையே எடுத்துக்கொள்வோம். இத்தனை யூனிட் வரை இன்ன விலை, அதற்கு மேல் இன்ன விலை என்று படிப்படியாக ஏறும் அந்தக் கணக்கை இஃப் குவியலாக எழுதியவர், 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கட்டணம் திருத்தப்பட்டபோது நிரல் முழுக்கத் துழாவித் துழாவி எண்களை மாற்றியிருக்க வேண்டும். ஒரு இடத்தை விட்டுவிட்டால் யாரோ ஒருவர் வீட்டு பில்லில் தப்பு. விலைப்படிகளைத் தனிப் பட்டியலாக வைத்தவர் பட்டியலை மட்டும் திருத்திவிட்டு எழுந்து போயிருப்பார். ரோமன் எண் கணக்கைப் புரிந்து செய்த மாணவர் இரண்டாவது ஆளாக இருப்பார். நெட்டுருப் போட்டவருக்கு இரண்டுக்கும் உள்ள உறவே தெரியாது.

தவிர, ரோமன் எண் ஒன்றும் மியூசியத்துப் பொருள் ஆகிவிடவில்லை. பள்ளியில் வகுப்பறைக் கதவுக்கு மேலே அதுதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சான இந்திய அரசமைப்பைத் திறந்தால் அடிப்படை உரிமைகள் மூன்று கோடு போட்ட பாகத்தில் இருக்கின்றன. 1976-இல் 42-ஆவது திருத்தம் நுழைத்த அடிப்படைக் கடமைகள் ‘ஐவி’க்குப் பக்கத்தில் ‘ஏ’ சேர்த்த பாகத்தில். வேதியியல் பாடத்தில் இரும்பின் இரண்டு வகைச் சேர்மங்களைப் பிரித்துச் சொல்வதும் இதே கோடுகள்தான்.

இனி அந்த நான்கு கோடு. அதைத் தவறு என்று சுழிக்கும் முன் ரோமாபுரிக்காரர்களையே ஒரு வார்த்தை கேட்பது நல்லது. கி.பி. 80-இல் திறக்கப்பட்ட கொலோசியத்தின் நுழைவு வாயில்களுக்கு எண் பொறித்திருக்கிறார்கள். 44-ஆவது வாயிலில் இருப்பது ‘எக்ஸ்எல்’, அதை அடுத்து நான்கு கோடு. நாற்பதுக்குக் கழித்தல், நான்குக்குக் கூட்டல். ஒரே எண்ணுக்குள் இரண்டு முறை. கி.பி. 9-இல் டியூட்டோபர்க் காட்டுப் போரில் மடிந்த மார்க்கஸ் கேலியஸ் என்ற படைத்தலைவனுக்கு அவன் சகோதரன் எடுத்த நினைவுக்கல் ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவன் படைப்பிரிவின் எண் 18. இன்றைய பாடப்புத்தகப்படி எக்ஸ், வி, மூன்று கோடு என்று இருக்க வேண்டும். கல்லில் உள்ளது எக்ஸ், இரண்டு கோடு, மறுபடி எக்ஸ். இருபதுக்கு இரண்டு குறைவு என்று கல்தச்சர் நினைத்திருக்கிறார். லத்தீனில் பதினெட்டைச் சொல்வதும் அப்படித்தான். அவரை ஃபெயில் ஆக்க எந்த ஆசிரியருக்குத் துணிச்சல் வரும்?

ஆக, பாடப்புத்தகம் சொல்லும் ‘சரியான’ ரோமன் எண் என்பது பிற்காலத்தில் ஒழுங்குபடுத்திய ஒரு வழக்கம். கணினி மொழிகளை வடிவமைத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 1994-இல் தரநிலை பெற்ற காமன் லிஸ்ப் மொழியில் எண்ணை ரோமனில் அச்சிட இரண்டு கட்டளைகள் உண்டு: ஒன்று புதிய முறையில் ‘ஐவி’ போடும், இன்னொன்று பழைய முறையில் நான்கு கோடு போடும். மைக்ரோசாஃப்ட் எக்செல் இன்னும் தாராளம். அதன் ‘ரோமன்’ சார்புக்கு 499 கொடுத்தால் ஐந்து வகை விடை வாங்கலாம். கட்டுப்பெட்டியான முறையில் சிடி, எக்ஸ்சி, ஐஎக்ஸ் என்று ஆறு எழுத்து; படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே போனால் கடைசியில் வெறும் ‘ஐடி’ என்று இரண்டே எழுத்து. ஐந்நூறுக்கு ஒன்று குறைவு, அவ்வளவுதான்.

நான்கு கோடு போட்ட மாணவிக்கு ஆசிரியர் சொல்ல வேண்டியது இதுதான்: உன் நிரல் ஒரு முறைப்படி சரி, நாம் கேட்டது வேறு முறை, அந்த முறையின் விதியை எழுது பார்க்கலாம். விதியை எழுத உட்கார்ந்தால், கோடு ‘வி’, ‘எக்ஸ்’ இரண்டுக்கு முன்னால் மட்டும் வரலாம், ‘எக்ஸ்’ என்பது ‘எல்’, ‘சி’ இரண்டுக்கு முன்னால் மட்டும், ‘சி’ என்பது ‘டி’, ‘எம்’ இரண்டுக்கு முன்னால் மட்டும் என்று அவளாகவே வந்து சேர்வாள். 49-ஐ ஏன் ‘ஐஎல்’ என்று எழுதுவதில்லை என்பதும் அப்போதுதான் விளங்கும். மூன்று எழுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடம், மூவிரண்டு ஆறு. பதின்மூன்று வரிசையில் அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்பது கண்ணுக்கு எதிரே நிற்கும்.

விதி எழுதியான பிறகு வேலியும் போட வேண்டும். பூஜ்யம் கொடுத்தால் என்ன செய்வது? ரோமன் எண்ணில் அதற்குக் குறியே இல்லை. பதின்மூன்று வரிசை நிரல் வாயைத் திறக்காமல் வெற்றிடத்தைத் திருப்பித் தரும். குறை எண்ணுக்கும் அதே மௌனம். 4000 கொடுத்தால் நான்கு ‘எம்’ போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். ஒரே எழுத்து மூன்று முறைக்கு மேல் அடுத்தடுத்து வரக்கூடாது என்ற விதிப்படி அது செல்லாது. ஐயாயிரத்துக்கு எழுத்து இல்லாததால் ‘எம்’மை எதன் முன்னால் வைத்துக் கழிப்பது என்பதும் தெரியாது. ஆகவே எல்லை 3999. எக்செல் அதைத் தாண்டினால் பிழை என்று மறுத்துவிடுகிறது. அச்சுக்கோர்ப்பு மென்பொருளான டெக், ஒரு லட்சம் கேட்டாலும் அசராமல் நூறு ‘எம்’ போட்டுத் தருகிறது. இரண்டில் எது சரி என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் இரண்டும் யோசித்து எடுத்த முடிவுகள். பள்ளி மாணவரும் அப்படி ஒரு முடிவெடுத்து, அதை நிரலுக்கு மேலே ஒரு வரியில் எழுதி வைக்கப் பழக வேண்டும்.

கடவுச்சொல் கேட்டால் கைபேசி எண்ணைப் போடுகிறவர்களும், வயது கேட்டால் ‘பத்து’ என்று எழுத்தில் தட்டுகிறவர்களும் இருக்கிற ஊர் இது. பைதானில் ‘இன்புட்’ வாங்கித் தருவது எண்ணாகவே இருந்தாலும் அது எழுத்துச் சரமாகத்தான் வரும். முழு எண்ணாக மாற்றாமல் 1000-ஓடு ஒப்பிட்டால் நிரல் அங்கேயே விழுந்துவிடும். மார்க் பில்கிரிம் எழுதி 2004-இல் வந்த ‘டைவ் இன்டு பைதான்’ நூலில், நிரலைச் சோதிப்பது எப்படி என்ற பாடம் முழுவதையும் இந்த ஒரே ரோமன் எண் கணக்கை வைத்தே நடத்தினார். நிரலை எழுதுவதற்கு முன்பே சோதனைகளை எழுதிவிட வேண்டும் என்பது அவர் போட்ட ஒழுங்கு: தெரிந்த விடைகள் சரியாக வருகின்றனவா, பூஜ்யம் கொடுத்தால் மறுக்கிறதா, குறை எண்ணையும் பின்னத்தையும் தள்ளுகிறதா, பெரிய எண்ணுக்குத் தடை சொல்கிறதா. கடைசியில் ஒன்று: 1 முதல் 3999 வரை ஒவ்வொன்றையும் ரோமனுக்கு மாற்றி, திரும்பவும் எண்ணுக்கு மாற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறதா என்று பார்ப்பது. கணினிக்கு இது கண்மூடித் திறப்பதற்குள் முடியும் வேலை. தமிழ்நாட்டுச் செய்முறைத் தேர்வுகளில் ஒன்றிரண்டு மாதிரி எண்ணுக்கு விடை வந்ததும் ‘அவுட்புட் வெரிஃபைட்’ என்று கையெழுத்து விழுவதை நினைத்தால், இந்த ஒரு பழக்கத்துக்காகவாவது கணக்கை நிதானமாக நடத்தலாம் என்று தோன்றும்.

ஒரே கணக்குக்கு வேறு பாதைகளும் இருக்கின்றன என்பதையும் மாணவர் பார்க்க வேண்டும். 1994-ஐ 1, 9, 9, 4 என்று இலக்கம் இலக்கமாகப் பிரித்துவிடலாம். ஒன்பது என்ற இலக்கம் ஒன்றின் இடத்தில் ‘ஐஎக்ஸ்’, பத்தின் இடத்தில் ‘எக்ஸ்சி’, நூறின் இடத்தில் ‘சிஎம்’. மூன்றுக்கும் சட்டை வேறு, உடம்பு ஒன்று. ரோமன் எண்ணுக்குள்ளும் பத்தின் அடுக்குகள்தான் ஒளிந்திருக்கின்றன என்று அப்போது தெரிகிறது. இந்தப் பாதையில் கழித்துக்கொண்டே போகும் லூப்பே வேண்டாம். நான்கு சிறு பட்டியல்களில் விரல் வைத்து எடுத்து ஒட்டினால் போதும்.

இன்னொரு பாதையைப் போட்டவர் டொனால்ட் நூத். டெக் மென்பொருளின் முழு நிரலையும் 1986-இல் புத்தகமாகவே அச்சிட்டவர். அவர் பதின்மூன்று வரிசை வைக்கவில்லை, ஏழு கூட வைக்கவில்லை. எம்2டி5சி2எல்5எக்ஸ்2வி5ஐ என்று ஒரே ஒரு சரம். ஒரு எம் என்பது 2 டி, ஒரு டி என்பது 5 சி, ஒரு சி என்பது 2 எல் என்று விகிதங்களை மட்டும் எழுத்துக்கு நடுவே செருகியிருக்கிறார். எதிலிருந்து எதைக் கழிக்கலாம் என்பதை இந்த விகிதங்களிலிருந்தே நிரல் கண்டுபிடித்துக்கொள்கிறது. நிரலின் ஒவ்வொரு வரிக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதும் நூத், இந்த இடத்தில் மட்டும், புதிர் பிடித்தவர்கள் தாங்களே அவிழ்த்துக்கொள்ளட்டும் என்று விளக்காமல் விட்டுவிட்டார். அரை மணி நேரத்தை வாசகரிடமிருந்து பறிக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கைபேசியில் கேட்டால் செயற்கை நுண்ணறிவுச் செயலி இந்த மூன்று பாதையையும் ஒரு நொடியில் எழுதித் தந்துவிடும் காலம் இது. பிறகு எதற்கு இந்தப் பாடு என்று மாணவர் கேட்பார். செயலி தந்த நிரல் 4000-க்கு என்ன செய்கிறது, அது கடிகாரத்து நான்கைப் போடுகிறதா பாடப்புத்தக நான்கைப் போடுகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டுமே, அதற்காகத்தான்.

செய்ய வேண்டிய மாற்றம் பெரியதில்லை. தமிழ்நாட்டில் கணினி அறிவியல் எடுத்த மேல்நிலை மாணவர்கள் பதினோராம் வகுப்பில் சி++ படிக்கிறார்கள், பன்னிரண்டில் பைதான். ஆய்வக நேரத்தில் முதல் அரை மணி கணினியைத் திறக்காமல், இருபது எண்ணும் அவற்றின் ரோமன் வடிவமும் கொண்ட தாளைக் கொடுத்து விதியை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஏழு வரிசை நிரலையும் விடையாக ஏற்று, என்ன குறை என்று கேட்கலாம். ரெக்கார்டு நோட்டில் 0, 3999, 4000, ‘பத்து’ என்ற நான்கு உள்ளீட்டுக்கும் நிரல் என்ன சொன்னது என்று எழுதாமல் கையெழுத்து இல்லை என்று வைக்கலாம். மதிப்பெண்ணில் ஒரு பங்கை ‘இந்த வரிசை ஏன் இருக்கிறது’ என்ற வாய்மொழிக் கேள்விக்கு ஒதுக்கலாம். இதற்கெல்லாம் புதிய கருவியோ தனி நிதியோ வேண்டாம்.

அடுத்த வாரத்துக்கான கணக்கு நம் ஊர்ச் சாலையோரத்திலேயே நிற்கிறது. புதுக்கோட்டை வட்டாரத்தில் கண்டறியப்பட்ட ஆங்கிலேயர் காலத்து மைல்கற்களில் தூரத்தை ரோமன் எண்ணிலும் தமிழ் எண்ணிலும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். பழைய தமிழ் எண் முறையிலும் பூஜ்யத்துக்கு இடமில்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள். யூனிகோடில் அந்த மூன்றும் இருக்கின்றன. தமிழ்ச் சுழியம் மட்டும் 2005-இல் வந்த 4.1 பதிப்பில்தான் போய்ச் சேர்ந்தது. எனவே ரோமன் கணக்கை முடித்த மாணவி பட்டியலை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பாள். எழுத்துகளை எடுத்துவிட்டு ௲, ௱, ௰, பிறகு ௯ முதல் ௧ வரை பன்னிரண்டு வரிசை போடுவாள். லூப்பைத் தொட மாட்டாள். 1994 என்று தட்டுவாள்.

திரையில் ௲௱௱௱௱௱௱௱௱௱௰௰௰௰௰௰௰௰௰௪ என்று ஓடும். வர வேண்டியது ௲௯௱௯௰௪. தமிழில் நூறை ஒன்பது முறை எழுதுவதில்லை, எத்தனை நூறு என்று முன்னால் எழுதுகிறோம் என்பது அப்போது பிடிபடும். இந்த முறை பட்டியலில் வரிசை சேர்த்துத் தப்பிக்க முடியாது, லூப்பையே பிரித்துப் போட வேண்டும். திருத்தி முடித்ததும் ஒரு லட்சத்தைக் கொடுத்துப் பார்ப்பாள். அதை ௱௲ என்று எழுத வேண்டும், நூறு ஆயிரம். எத்தனை ஆயிரம் என்ற அந்த நூறையும் இதே நிரல்தான் எழுதித் தர வேண்டும் என்றால், நிரல் தன்னையே கூப்பிட வேண்டியிருக்கிறது. அதற்குள் மணி அடித்துவிடும். தாழ்வாரத்துக் கடிகாரத்தில் சின்ன முள் நான்கு கோட்டின் மேல் நிற்கும்.